பாடுகிற டிவியை எடுத்து வந்த கதை

டிவியை எப்படித் தூக்குவது என்று நான் உங்களுக்குச் சொல்லித் தரப்போவதில்லை. அதற்கு உங்கள் போனிலேயே வீடியோ இருக்கிறது. என் முதுகும் அதைப் பற்றிப் பேசும் நிலையில் இல்லை. ஷோரூமில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நாலைந்து பேர் போன வாரம் டீக்கடையில் என்னை மடக்கி, இத்தனை வருஷ சர்வீஸில் எங்களுக்கு எதாவது சொல்லுங்கள் பாய் என்று கேட்டீர்கள். அப்போது எதையோ சொல்லி மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சொல்ல நிறைய இருப்பது தெரிந்தது, ஆனால் கேட்க வீட்டில் ஆள் இல்லை. வீட்டுக்காரி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகள் வாணியம்பாடியில் இருக்கிறாள். அதனால் எழுதுகிறேன். படித்தால் படியுங்கள், இல்லாவிட்டால் புது ஃபிரிட்ஜின் கால் சமமாக நிற்க அடியில் மடித்து வையுங்கள்.

என் பதவிக்கு ஷோரூமில் டெலிவரி பாய் என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த அன்றும் பாய், தாடி முழுக்க நரைத்து ரிடையர் ஆன அன்றும் பாய். அந்தப் பதவி உனக்கு மட்டும்தான் ரெண்டு அர்த்தத்திலும் பொருந்தும் என்று முதலாளி கேலி செய்வார். நானும் சிரித்து வைப்பேன். வேறு என்ன செய்ய?

நம் வேலையில் புதுசைக் கொண்டுபோய் வைப்பதில் கஷ்டமே கிடையாது. அட்டைப்பெட்டியைப் பிரிக்கும்போது வீடே சுற்றி நிற்கும், காபி வரும், தெர்மாகோலுக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும். எக்ஸ்சேஞ்சில் பழசை எடுத்து வருவதுதான் வேலை. அதிலும் டப்பா டிவி. பின்பக்கம் தொந்தி தள்ளிக்கொண்டு, மூலையை முழுக்க அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கெட்டுப் போயிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் அந்தக் காலத்து டிவி லேசில் கெடாது. நன்றாக ஓடுகிற ஒன்றை வெளியே தள்ளுகிறோமே என்று வீட்டுக்காரர்களுக்கு உள்ளூர ஒரு கூச்சம் இருக்கும். அந்தக் கூச்சத்தை நம் மேல் எரிச்சலாகக் காட்டுவார்கள். சுவரில் இடிக்காமல் எடுய்யா என்பார்கள். நீங்கள் இடித்திருக்கவே மாட்டீர்கள். "ஆங், சரிங்க" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

எனக்கு வேலை பழக்கியவர் ஒருவர் இருந்தார். அவர் இப்போது இல்லை, இருந்திருந்தாலும் பெயரைச் சொல்வது அவருக்குப் பிடித்திருக்காது. அவரிடம் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. பழைய பொருளை அதன் சொந்தக்காரர்கள் ஒரு தடவையாவது தங்கள் கையால் தொட்டு நகர்த்திக் கொடுக்க வேண்டும், அதுவரை நம் கை அதன்மேல் படக் கூடாது. ஒருமுறை ஆர்.கே.பேட்டையில் ஒரு தறிக்காரர் வீட்டில் மருமகன் மட்டும் இருந்த நேரத்தில் ஃபிரிட்ஜை வண்டியில் ஏற்றிவிட்டோம். தெருமுனையில் அந்த மருமகனின் மாமியார் எதிரே வந்தார். தன் ஃபிரிட்ஜ் வண்டியில் போவதைப் பார்த்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார். என் மூத்தவர் வண்டியை நிறுத்தி, ஃபிரிட்ஜை இறக்கி, பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைக்கச் செய்தார். அந்த அம்மா கதவைத் திறந்து உள்ளே ஒரு தடவை பார்த்து, மூடி, தன் கையால் லேசாக முன்னே தள்ளிவிட்ட பிறகுதான் மறுபடி தூக்க விட்டார். அன்றைக்கு என் இடுப்பு போயிற்று. அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் தூக்கினேன்.

இந்தச் சட்டம் ஷோரூமின் விதிகளில் இருக்காது. நான் சொல்லப்போகும் நாளில் எனக்கு வேறு எதுவும் கைகொடுக்கவில்லை, இதுதான் கொடுத்தது.

அன்றைக்கு ஆடிப் பரணி. விடிந்தால் கிருத்திகை. நம் ஊர் அப்போது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் மஞ்சள் துணியும் பூக்காவடியும் மொட்டைத் தலையும்தான். இதே சமயத்தில்தான் நம் முதலாளிமார்களும் ஆடித் தள்ளுபடி என்று போர்டு வைப்பார்கள். மலையடிவாரத்துச் சந்து ஒன்றில் ஒரு டெலிவரி இருந்தது. மதியத்துக்கு மேல் அந்தப் பக்கம் ஒரு வண்டியும் போகக் கூடாது என்று முனையில் நின்ற போலீஸ்காரர் சொல்லிவிட்டார். எங்கள் குட்டியானை வண்டியை ஓட்டிய டிரைவர் பொறுமைக்குப் பெயர் போனவன் இல்லை. சீக்கிரம் முடித்துவிட்டு வா பாய், மாட்டினால் நாளை மறுநாள்தான் வெளியே வர முடியும் என்று சந்து வாசலிலேயே புலம்ப ஆரம்பித்துவிட்டான்.

வீட்டில் கஸ்தூரி அம்மா மட்டும் இருந்தார். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து காலமாகிவிட்டார். ஒரே மகன் தயாளன் பெங்களூரில் வேலை பார்க்கிறான், புத்தூர்ப் பக்கத்துத் தெலுங்குப் பெண்ணைக் கட்டியிருக்கிறான். புது டிவியை அவன்தான் போனில் பேசி எங்கள் ஷோரூமில் புக் செய்திருந்தான். பழசை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தான். அம்மாவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லவில்லை. ஆள் வருவார்கள், கதவைத் திறந்துவிடு என்று சொன்னதோடு சரி.

என் கையிலிருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"என் டிவிக்கு இன்னா பாய் கேடு? நல்லாத்தானே பாடுது" என்றார்.

உண்மைதான். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளூர் கேபிள்காரர் மலைமேல் காவடி வருவதை நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தார். வெளியே வந்து தலையைத் தூக்கினால் அதே மலை. மூட்டுவலியால் படியேற முடியாததால் அவர் மலையை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார். படம் சுத்தமாக இருந்தது, சத்தமும் கணீரென்று இருந்தது. அதன் மேலே பூப்போட்ட துணி விரித்து வீட்டுக்காரரின் போட்டோ, விபூதி டப்பா, மூக்குக்கண்ணாடி, மாத்திரை அட்டை, போன் எல்லாம் வரிசையாக வைத்திருந்தார். இப்போது வரும் டிவிகளுக்குத் தலையே கிடையாது, கவனித்திருப்பீர்கள். ஒரு தீப்பெட்டியைக்கூட அவற்றின் மேல் வைக்க முடியாது.

நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் டிவிக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். கோபப்படவில்லை, குரலை உயர்த்தவுமில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வெளியே வந்தது. இந்த வீட்டை விற்றுவிட்டு பெங்களூருக்கு வந்துவிடு என்று மகன் கொஞ்ச நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தானாம். ஒருமுறை அழைத்தும் போயிருக்கிறான். அங்கே காலையில் இருவரும் வேலைக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரை இவர் தனி. மருமகள் சிரீஷா முதலில் வீட்டுக்கு வருவாள். அவளுக்குத் தமிழ் சரியாக வராது, இவருக்குத் தெலுங்கு சுத்தமாக வராது. மகன் வரும் வரைக்கும் மாமியாரும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொண்டே இருப்பார்களாம்.

"நல்ல பொண்ணுதான், குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா சிரிச்சி சிரிச்சி எனக்கு வாயே வலிச்சிப் போச்சி பாய்" என்றார்.

திரும்பி வந்துவிட்டார். அதற்குப் பிறகு பொங்கலுக்கு வந்த மகன் பழைய கட்டிலையும் ஆட்டுக்கல்லையும் யாருக்கோ கொடுத்து அனுப்பியிருக்கிறான். இப்போது டிவி. இந்த வரிசை எங்கே போய் முடியும் என்று அவர் தனக்குள் கணக்குப் போட்டுவிட்டார்.

"இன்னிக்கி டிவி. அடுத்த வாட்டி பீரோ. அப்புறம் என்னையும் ஒரு வண்டியில ஏத்திடுவாங்க. நீங்க எடுத்துகினு போங்க பாய், உங்க வேலை அது. ஆனா நான் நகர மாட்டேன்."

இந்த நேரத்தில் டிரைவர் உள்ளே வந்துவிட்டான். போலீஸ்காரர் தடுப்புக் கம்பியை இழுக்க ஆரம்பித்துவிட்டாராம். ஷோரூமிலிருந்து முதலாளி வேறு எனக்குப் போன் போட்டு, பழசு வராமல் புதுசை மாட்டினால் தள்ளுபடி கிடையாது, அந்தத் தொகைக்கு நீதான் பதில் சொல்லணும் என்றார். டிரைவர் என் காதருகே வந்து, கிழவி நகர்ந்தால் என்ன நகராவிட்டால் என்ன, அந்தப் பக்கம் நீ பிடி இந்தப் பக்கம் நான் பிடிக்கிறேன் என்று கையை நீட்டினான்.

"கை வைக்காதே" என்றேன். நான் அவனிடம் அப்படி அதட்டிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் முறைத்துவிட்டு வாசலுக்குப் போனான்.

பிறகு மகனுக்குப் போன் செய்தேன். தெருவில் ஒலிபெருக்கிச் சத்தம் காதைப் பிளந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா சம்மதிக்கவில்லை என்று சொன்னதும் அவன் சலித்துக்கொண்டான். அவங்க எதுனா சொல்லிக்கினுதான் இருப்பாங்க, நீங்க எடுத்துடுங்க பாய் என்றான். டிவி நன்றாக ஓடுகிறது சார், அதனால்தான் கேட்கிறேன் என்றேன்.

அவன் குரல் மாறியது.

"ஓடுதா? பாடாயிடுச்சின்னு சிரீஷா சொன்னாளே. அவதான் பாவம் பாத்து அவ சம்பளத்துல புதுசு வாங்கினா" என்றான்.

நம் ஊர் எப்பேர்ப்பட்ட ஊர் என்பது இங்கேதான் தெரியும். இந்தப் பக்கம் பத்து வீடு தமிழ் பேசினால் அந்தப் பக்கம் பத்து வீடு தெலுங்கு பேசும். நம் வீட்டில் டிவி பாடுகிறது என்றால் அது ஓடுகிறது, நன்றாக இருக்கிறது. தெலுங்கில் பாடு என்றால் கெட்டுப்போனது என்றும் அர்த்தம். பாடைப்போயிந்தி என்பார்களே, அதுதான். நகரிப் பக்கம் டெலிவரிக்குப் போய்ப் போய் எனக்கு இது பழக்கம். நான் கஸ்தூரி அம்மாவைப் பார்த்து, மருமகளிடம் டிவியைப் பற்றி எதாவது சொன்னீர்களா என்று கேட்டேன். அவருக்கு ஞாபகம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்து, தட்டுத் தடுமாறித் தமிழில், தனியா இருக்கிறீங்களே கஷ்டமா என்று கேட்டாளாம். எனக்கென்னம்மா கஷ்டம், டிவி பாடுது, அதுவே போதும் என்று இவர் சொன்னாராம்.

அந்தப் பெண்ணின் காதில் என்ன விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தனியாக இருக்கிற மாமியார், இருந்த ஒரு டிவியும் கெட்டுவிட்டது, அதற்கும் அதுவே போதும் என்கிறார்.

மகனுக்கு இரண்டு பாஷையும் தெரியும், அவனுக்கும் உடனே விளங்கிவிட்டது. ஆனால் அவன் செய்தது வேறு. போனைக் கீழே வைக்காமலே பெண்டாட்டியின் பக்கம் திரும்பித் தெலுங்கில் திட்ட ஆரம்பித்தான். ஒரு வார்த்தையை ஒழுங்காகக் கேட்கத் துப்பு இல்லையா, இவ்வளவு பணத்தைத் தண்டம் ஆக்கினாயே, என்னை புக் செய்யச் சொல்லும் முன்னால் அம்மாவிடம் இன்னொரு தடவை கேட்டால் என்ன என்று ஒரே கத்தல். அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒருமுறை கேட்டது.

கஸ்தூரி அம்மாவுக்கு வார்த்தைகள் புரியவில்லை, தொனி புரிந்தது.

"இன்னா சொல்றான்? யாரைத் திட்டறான்?" என்று என்னைக் கேட்டார்.

மெல்லிய குரலில் சொன்னேன். உங்கள் டிவி கெட்டுவிட்டது என்று நினைத்து மருமகள்தான் தன் சம்பளத்தில் வாங்கியிருக்கிறாள், வீண் செலவு என்று உங்கள் மகன் அவளைத் திட்டுகிறான் என்றேன்.

"அவளா வாங்கினா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் டிவியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுவர் ஸ்விட்சை அணைத்தார். மலையும் காவடியும் ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்தன. என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"தயாளா, அவளை விடு. அவ சரியாத்தான் கேட்டா. டிவி கெட்டுத்தான் போச்சி" என்றார்.

"இவ்ளோ நேரம் அரோகரா சத்தம் கேட்டுச்சேம்மா?"

"ஊருக்கே இன்னிக்கி பரணிடா. தெருவுல கேக்குது."

அதுவும் பொய்யில்லை. தெருவில் அரோகரா முழங்கிக்கொண்டுதான் இருந்தது. மகன் நம்பவில்லை என்பது அவன் பெருமூச்சிலேயே தெரிந்தது. பாயிடம் கொடு என்றான். அதற்குள் அங்கே போன் கைமாறிவிட்டது. மருமகளின் குரல் வந்தது, அழுதுவிட்டுப் பேசுகிற குரல்.

"பாய், நிஜங்கா சொல்லுங்க. டிவி பாடா?"

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். பொருள் எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்ல வேண்டும் என்பது நம் தொழிலின் முதல் விதி. கோடவுனில் போட்டுப் பார்த்தால் ஓடப்போகிறது. நான் பொய் சொன்னேன் என்று நாளைக்குப் பேர் வரும். உண்மையைச் சொன்னால் அந்தப் பெண் மறுபடி திட்டு வாங்குவாள், இந்த அம்மா பொய் சொன்னது பட்டவர்த்தனமாகத் தெரிந்துவிடும். இனிமேல் இந்த இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சிரிக்கக்கூட மாட்டார்கள். வாசலில் டிரைவர் என் பெயரைச் சொல்லிக் கத்துகிறான். கஸ்தூரி அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"பாடுதும்மா" என்றேன்.

சத்தியமாகப் பொய் சொல்லவில்லை. டிவி பாடும் என்றுதான் நம் ஊர்த் தமிழில் சொன்னேன். அவள் காதில் அவளுக்கு வேண்டியது விழுந்தது. நான் சொன்னதுதானே, நான் தப்பாகக் கேட்கவில்லையே என்று அவள் தன் புருஷனிடம் தெலுங்கில் சொல்வது கேட்டது. அவனுக்கு இரண்டு அர்த்தமும் தெரியும். இருந்தும் போனை வாங்கி, சரி பாய், பார்த்து இறக்குங்க என்று மட்டும் சொன்னான். அந்த ஒரு விஷயத்துக்காக அவன்மேல் இருந்த என் கோபம் பாதி போயிற்று.

நான் கஸ்தூரி அம்மாவிடம், எக்ஸ்சேஞ்சை நான் எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன், பழசும் ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். நிஜமாகவே அப்படிச் செய்ய எண்ணியிருந்தேன். முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது எனக்குப் புதுசில்லை.

அவர் தலையை ஆட்டி மறுத்தார். "வேணாம் பாய். இது இங்க இருந்தா அவங்க வர்ற அன்னிக்கிப் பாடிக் காட்டிக் குடுத்துடும்."

மேலே இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தார். விபூதி டப்பா சமையல் மேடைக்குப் போயிற்று, மாத்திரை ஜன்னலுக்குப் போயிற்று. வீட்டுக்காரர் போட்டோவை எங்கே வைப்பது என்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். துணியை உருவி மடித்தார். பிறகு நான் ஒன்றும் சொல்லாமலேயே இரண்டு கையாலும் டிவியை எங்கள் பக்கம் தள்ளினார். அசையவில்லை, அவ்வளவு கனம். உள்ளங்கை மட்டும் அதன்மேல் கொஞ்ச நேரம் இருந்தது. அதுபோதும் என்று நாங்கள் தூக்கினோம்.

அதற்குள் தெருவை மூடிவிட்டார்கள். போலீஸ்காரர் துரத்தியதால் டிரைவர் வண்டியைப் பெரிய ரோட்டில் விட்டுவிட்டு வந்திருந்தான். டிவியைத் தோளில் ஏற்றி காவடிக் கூட்டத்துக்கு நடுவே நானும் டிரைவரும் நடந்தோம். மஞ்சள் வேட்டி கட்டிய ஒருவர், என்ன வேண்டுதல் பாய், இவ்வளவு கனமாக இருக்கிறதே என்று கேட்டார். கூட்டமே சிரித்து வழிவிட்டது. டிரைவரும் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த டிவிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்று நான் அலைந்தேன். கே.ஜி.கண்டிகையில் தெரிந்த டீக்கடைக்காரரைக் கேட்டேன், சுவரில் மாட்டுவது என்றால் சரி, இதை எங்கே வைப்பது என்றார். பெட்ரோல் பங்க் வாட்ச்மேன் போனில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பள்ளிப்பட்டில் ஒரு முடிதிருத்தும் கடையில் சும்மா கொடுத்தால்கூட வேண்டாம் என்றார்கள். நன்றாகப் பாடுகிறது என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். பாடினால் என்ன, இடத்தை அடைக்கிறதே என்றார்கள். கடைசியில் எக்ஸ்சேஞ்ச் சரக்கோடு காயலான் கடைக்குப் போயிற்று. செம்புக்காக அதன் பின்பக்கக் கழுத்தை உடைப்பார்கள். நான் அன்றைக்கு அந்தப் பக்கம் போகவில்லை.

ஆகையால் நான் உங்களுக்குச் சொல்வது இதுதான். வீட்டுக்குள் போனதும் பொருளுக்கு என்ன குறை என்று பார்க்க உங்களுக்கு டிரெயினிங் கொடுத்திருக்கிறார்கள், பாருங்கள். ஆனால் யாரோ ஒருவர் பிடிவாதமாக அதன் முன்னால் நின்றால், அவர் டிவியைப் பற்றிப் பேசவில்லை என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். அப்போது முதலாளி போனில் இருப்பார், டிரைவர் ஹாரன் அடிப்பான், போலீஸ்காரர் கம்பியை இழுப்பார். எல்லாரும் அவசரப்படுத்துகிற அந்த நேரத்தில்தான் அவசரப்படக் கூடாது. இன்னொன்று, எக்ஸ்சேஞ்ச் கேட்டு வருகிறவர்களிடம் பழசு கெட்டுவிட்டதா என்று ஒரே கேள்வியாகக் கேட்காதீர்கள். யார் சொன்னார்கள், எந்த பாஷையில் சொன்னார்கள் என்றும் கேளுங்கள். சிரிக்காதீர்கள், நம் ஊரில் இது அவசியம்.

அதற்குப் பிறகு நான் கஸ்தூரி அம்மாவை மறந்துதான் போனேன். ரிடையர் ஆவதற்குக் கொஞ்ச நாள் முன்பு அவரிடமிருந்து ஷோரூமுக்குப் போன் வந்தது. ரிமோட் வேலை செய்யவில்லை, அந்த பாயையே அனுப்புங்கள் என்றாராம். போனேன். புது டிவி சுவரில் பளபளவென்று இருந்தது. வீட்டுக்காரர் போட்டோவுக்கு அதன் பக்கத்தில் ஒரு ஆணி அடித்திருந்தார்கள். ரிமோட்டைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. பேட்டரியும் புதுசு.

உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தார். புது டிவி வந்த பிறகு மருமகள் தினமும் சாயங்காலம் போன் செய்தாளாம். அத்தம்மா, டிவி எலா உந்தி, எப்படி இருக்கிறது என்பாளாம், பாக உந்தி, நன்றாக இருக்கிறது என்று இவர் சொல்வாராம். அந்த இரண்டு வார்த்தையில் ஆரம்பித்து சீரியலில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்பது வரைக்கும் தெலுங்கும் தமிழும் கலந்து பேசக் கற்றுக்கொண்டார்களாம். மகன் வீடு விற்கும் பேச்சையும் எடுப்பதில்லையாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெட்கம்கூட இருந்தது. பிறகு மருமகளுக்கு வேலை கூடிப்போயிற்றாம். தினமும் என்பது ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமையும் எல்லா வாரமும் இல்லை. குற்றம் சொல்லவில்லை, அவளும் மனுஷிதானே என்றார்.

எனக்கும் அன்றைக்கு அவசரம் இல்லை. என் வீட்டிலும் யாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை. இரண்டு பேரும் சத்தம் குறைத்து வைத்த டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் கிளம்ப எழுந்தபோது அவர் புது டிவியைக் காட்டிக் கேட்டார்.

"பாய், இது எப்போ பாடாகும்?"

தெலுங்கு அர்த்தத்தில்தான் கேட்டார், பார்வை போன்மேல் இருந்தது. கம்பெனிக்காரர்கள் இதற்குச் சொல்லும் வருஷக் கணக்கு எனக்குத் தெரியும், நீங்களும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். என் வாயில் அது வரவில்லை.

"இந்தக் காலத்து டிவியை நம்ப முடியாதும்மா. எப்ப வேணும்னாலும் ஆகலாம்" என்றேன்.

"அப்ப சரி" என்றார், நிம்மதியாக.